மீட்டரைத் தாண்டினால் குழாய் நம்முடையது
பழைய பட்டணங்களில் வீடு வாங்கும் தோட்டத் தொழிலாளர்கள் அறிய வேண்டிய செலவு, அனுமதி, சலுகை விவரங்கள்

லயத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்தால் நாம் செய்வது ஒன்றுதான். தோட்ட அலுவலகத்திற்குச் சென்று கிராணியாரிடம் சொல்லிவிட்டு வருகிறோம். ஆள் வந்து பழுது பார்த்துவிட்டுப் போவார். எத்தனை அடி குழாய் போட்டார், அதன் விலை என்ன, கூலி எவ்வளவு என்பதெல்லாம் நமக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இருந்ததில்லை. தோட்ட வீடுகளின் குறைந்தபட்சத் தரத்தை 1966ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அதற்குப் பின் வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டம், போதிய குழாய்நீரை இலவசமாக வழங்குவது முதலாளியின் கடமை என்று கூறுகிறது. ஆகவே, தோட்ட வீட்டில் குடியிருக்கும்வரை குழாய் நமது கவலையன்று.

ஆனால், பாடுபட்டுச் சேர்த்த பணத்தைக் கொண்டு பட்டணத்தில் சொந்த வீடு வாங்கிக் குடியேறும் நாளிலிருந்து நிலைமை மாறிவிடுகிறது. வீட்டோடு சேர்ந்து அதன் குழாய்களும் நமக்குச் சொந்தமாகின்றன. அவற்றின் பழுதும் நமக்கே சொந்தமாகிறது. இதை முன்கூட்டி அறியாத குடும்பங்கள் பெரும் நட்டத்திற்கு ஆளாகின்றன.

பேராக் மாநிலத்தின் பழைய பட்டணம் ஒன்றில் நான் சந்தித்த ஒரு தம்பதியரின் அனுபவத்தை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். இருவரும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர்கள். சேமநிதிப் பணத்தைக் கொண்டு பழைய வரிசை வீடு ஒன்றை வாங்கினர். குடிபுகுந்த முதல் வாரமே குழாயில் காலை நேரத்தில் செந்நீர் வந்தது. அக்கம்பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர், குறைந்த தொகைக்கு எல்லாவற்றையும் புதிதாக்கித் தருவதாகச் சொன்னார். எழுத்தில் ஒன்றுமில்லை. முன்பணமாகப் பாதியும், மறுநாளே மீதியும் வாங்கிக்கொண்டார். கண்ணுக்குத் தெரியும் குழாய்கள் புதியனவாயின. குளியலறைக்கும் புதிய ஓடு பதிக்கப்பட்டது. ஆனால், சுவருக்குள் இருந்த பழைய இரும்புக் குழாயை அவர் தொடவே இல்லை. சில மாதங்களில் சுவர் ஊறியது. தண்ணீர்ப் பில் ஏறியது. முடிவில் வேறொருவரை அழைத்து, புதிதாகப் பதித்த ஓட்டையே உடைக்க வேண்டியதாயிற்று. "ஐயா, மரத்தில் காயம் பட்டால் கண்ணுக்குத் தெரியும், சுவருக்குள்ளே இருக்கிறதை நாங்கள் எப்படிப் பார்ப்பது?" என்று அந்த அம்மையார் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

எல்லை எங்கே?

தெருவில் செல்லும் பெரிய குழாயும், அதிலிருந்து பிரிந்து உங்கள் மீட்டர்வரை வரும் குழாயும் நீர் விநியோக நிறுவனத்தின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் செல்லும் குழாய், தொட்டி, திருகுகள் ஆகிய அனைத்தும் வீட்டுக்காரரின் பொறுப்பு. மீட்டருக்கு வெளியே நீர் ஒழுகினால் நிறுவனத்திற்கு அறிவித்தால் போதும். அதனைச் சரிசெய்ய உங்களுக்குச் செலவில்லை. மீட்டருக்கு உள்ளே ஒழுகினால், ஒழுகிய நீருக்கும் பழுது பார்ப்பதற்கும் நீங்களே பணம் கட்ட வேண்டும்.

நிறுவனம் என்பது மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். பேராக்கில் மாநில நீர் வாரியம். சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய மூன்றுக்கும் ஆயர் சிலாங்கூர். நெகிரி செம்பிலானில் சாயின்ஸ். உங்கள் பில்லின் தலைப்பிலேயே பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அடுக்குமாடி வீடாயின், பொதுத் தொட்டியும் பொதுக் குழாய்களும் கூட்டு நிருவாகத்தின் பராமரிப்பில் அடங்கும்; அவற்றின் பழுதை முதலில் அங்கே தெரிவிக்க வேண்டும்.

பழைய குழாய்க்கு வரும் நோய்

பழைய வீடுகள் பலவற்றில் நாகம் பூசிய இரும்புக் குழாயே பதிக்கப்பட்டது. பல்லாண்டுகள் நீர் ஓடியபின் உள்பக்கத்து நாகப்பூச்சு கரைந்துபோகும். அதன்பின் இரும்பு துருவேறும். துரு உள்ளே படிந்து படிந்து, குழாயின் வழியை நாளுக்கு நாள் குறுக்கிவிடும். வெளியே பார்த்தால் அரை அங்குலக் குழாய். உள்ளே பென்சில் நுழையும் துளைகூட இராது. குழாயில் நீர் நூலாக விழுவதற்கும், இரவெல்லாம் குழாயில் தேங்கிய நீர் காலையில் செந்நிறமாக வருவதற்கும் இதுவே காரணம்.

செந்நீர் வந்தவுடனே வீட்டுக் குழாயைக் குறை சொல்லிவிடவும் கூடாது. காலையில் முதல் சில நிமிடங்கள் மட்டும் நிறம் மாறி வந்து பின்னர் தெளிந்தால், பெரும்பாலும் வீட்டுக் குழாயே காரணம். நாள் முழுவதும் கலங்கலாக வந்தாலும், பக்கத்து வீடுகளிலும் அவ்வாறே வந்தாலும் தெருக்குழாயே காரணமாக இருக்கும். நாட்டின் பழைய பட்டணங்களில் தெருக்குழாய்களும் பழையனவே. சுத்திகரித்து அனுப்பப்படும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், கசிவாலும் பிற காரணங்களாலும் வருவாய் தராமல் போகிறது. ஆகவே, அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டபின் வீட்டுச் சுவரை உடைப்பதே அறிவுடைமை.

காசு செலவில்லாத மூன்று சோதனைகள்

முதற் சோதனை மீட்டர் சோதனை. இரவு படுக்கப் போகும்முன் எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு, மேல்தொட்டி நிரம்பியபின், மீட்டரின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் நீரைத் தொடுமுன் மறுபடியும் பாருங்கள். எண் மாறியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்பது உறுதி.

இரண்டாவது, கழிப்பறைத் தொட்டிச் சோதனை. துணிக்குப் போடும் நீலத்தைச் சிறிது கரைத்துத் தொட்டிக்குள் ஊற்றி, அரைமணி நேரம் நீரை இழுக்காமல் விட்டுவிடுங்கள். கீழே உள்ள கோப்பையில் நீல நிறம் தெரிந்தால், தொட்டியின் அடைப்பு ரப்பர் தேய்ந்துவிட்டது என்று பொருள். சத்தமில்லாமல் நாள் முழுவதும் நீர் போய்க்கொண்டிருக்கும். ரப்பர் உறுப்பின் விலையோ சில வெள்ளிதான்.

மூன்றாவது, கையால் தொட்டுப் பார்ப்பது. குளியலறைச் சுவரின் மறுபக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சாயம் உப்பி உதிர்ந்தாலும், மழையில்லாத நாளில் ஈரம் கசிந்தாலும், அதற்குள்ளே செல்லும் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். வீடு வாங்குவதற்கு முன்பே, விற்பவரின் சம்மதத்தோடு இம்மூன்று சோதனைகளையும் செய்துவிடுவது மிக நன்று. பழுது கண்டால் விலையைக் குறைத்துப் பேசலாம்; வாங்கியபின் பேச முடியாது.

சிறு ஒழுகல், பெரிய பில்

ஒழுகல் சிறிதுதானே என்று விட்டுவிடுவோர் பின்வரும் கணக்கைக் கவனிக்க. பில்லில் காணும் ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். 10 லிட்டர் வாளி ஒன்று நிரம்ப ஏறத்தாழ 22 நிமிடம் ஆகும் அளவுக்கு ஒரு மெல்லிய ஒழுகல் இருப்பதாகக் கொள்வோம். ஒரு நாளில் அது சுமார் 65 வாளி நீரை வீணாக்கும். ஒரு மாதத்தில் சுமார் 20 கன மீட்டர்.

2024 பிப்ரவரி 1ஆம் தேதி தீபகற்ப மாநிலங்களிலும் லாபுவானிலும் வீட்டுக் கட்டணம் திருத்தப்பட்டது. 2025 செப்டம்பர் 1 முதல் சிலாங்கூரில் முதல் 20 கன மீட்டருக்குத் தலா 65 காசு, அடுத்த 15 கன மீட்டருக்குத் தலா 1 வெள்ளி 62 காசு, அதற்கு மேல் தலா 3 வெள்ளி 51 காசு என்று வகுக்கப்பட்டது. மாதம் 22 கன மீட்டர் பயன்படுத்தும் குடும்பத்திற்கு அக்கணக்கில் பில் 16 வெள்ளி 24 காசு. மேற்சொன்ன ஒழுகலையும் சேர்த்தால் 42 கன மீட்டர்; பில் 61 வெள்ளி 87 காசு. நீர் இரு மடங்குகூட ஆகவில்லை. பில்லோ ஏறத்தாழ நான்கு மடங்காகிவிட்டது. பயன்பாடு கூடக் கூட விலையும் கூடும் என்பதே காரணம். கட்டணம் அவ்வப்போது திருத்தப்படுவது. இதே கணக்கை உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டு நீங்களே பார்க்கலாம்.

செலவு எங்கே ஏறுகிறது?

குழாயின் விலையைவிட, அதை அடைவதற்கு ஆகும் வேலையே செலவை ஏற்றுகிறது. வாஷர் மாற்றுவது சில வெள்ளியில் முடியும். குழாய்த் திருகு மாற்றுவதை வீட்டிலுள்ளவரே செய்துகொள்ளலாம். சுவருக்குள் இருக்கும் குழாயை மாற்றுவதானால், ஓட்டை உடைப்பது, சுவரை வெட்டுவது, மறுபடி பூசுவது, புதிய ஓடு பதிப்பது என்று நான்கு வேலைகள் சேருகின்றன. வீடு முழுவதும் புதுக் குழாய் போடுவது சில ஆயிரம் வெள்ளி பிடிக்கும் வேலை.

இதற்கு ஒரு சிக்கன வழி உண்டு. சுவருக்குள் உள்ள பழைய குழாயை அப்படியே அடைத்துக் கைவிட்டுவிட்டு, புதிய குழாயைச் சுவரின் மேலேயே கவ்விகள் வைத்துக் கொண்டுபோகலாம். பார்வைக்கு அழகு குறைவுதான். ஆயினும் ஓடு உடைக்கும் செலவு இல்லை. நாளை ஒழுகினாலும் உடனே கண்ணுக்குத் தெரியும். கைப்பணம் குறைந்த குடும்பத்திற்கு இதுவே ஏற்றது. எந்த வழியைத் தெரிந்தெடுத்தாலும் ஒன்றை மறவாதீர்கள்: முதலில் குழாய், பிறகே ஓடு. பேராக் தம்பதியருக்கு நேர்ந்தது இந்த வரிசையில் வந்த தவறுதான்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பழைய இரும்புக் குழாயுடன் செம்புக் குழாயை நேரடியாக இணைத்தால், இணைத்த இடத்தில் இரும்பு விரைந்து அரிக்கும். இடையே தக்க இணைப்பு உறுப்பு வேண்டும். அடுத்து, 200 காலன் தொட்டி நிரம்பினால் அதில் உள்ள நீரின் எடை மட்டுமே 900 கிலோகிராமுக்கு மேல். பழைய வீட்டின் மரச் சட்டம் அதனைத் தாங்குமா என்று பார்த்த பின்னரே தொட்டியை மேலே ஏற்ற வேண்டும்.

பெர்மிட் யாரிடம் இருக்க வேண்டும்?

தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் நீர்ச் சேவைத் துறையை 2006ஆம் ஆண்டு நீர்ச் சேவைத் தொழில் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அச்சட்டம் 2008இல் நடப்புக்கு வந்தது. அதனைச் செயல்படுத்துவது ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையம். சபாவும் சரவாக்கும் தத்தம் சட்டங்களைப் பின்பற்றுகின்றன.

வாஷர், திருகு போன்ற சில்லறைப் பழுதுகளுக்கு யாருடைய பெர்மிட்டும் தேவையில்லை. ஆனால், புதிதாகக் குழாய் அமைப்பது, வீடு முழுவதும் மாற்றுவது, கூடுதல் இணைப்பு எடுப்பது ஆகியவற்றை ஸ்பான் பெர்மிட் பெற்ற குழாய்ப் பணியாளரே செய்ய வேண்டும். பெர்மிட்டைக் காட்டும்படி கேட்பது மரியாதைக் குறைவன்று. அது உங்கள் உரிமை. அதில் உள்ள பெயரையும் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐயமிருந்தால் ஸ்பானிடமோ நீர் நிறுவனத்திடமோ விசாரிக்கலாம். பயன்படுத்தும் குழாய்களும் உறுப்புகளும் ஸ்பான் அங்கீகாரம் பெற்றவையாக இருக்க வேண்டும்.

புதிய இணைப்புக்கு நீர் நிறுவனத்தின் அனுமதி வேண்டும். குளியலறையைப் பெரிதாக்குவது, பின்புறம் நீட்டிக் கட்டுவது போன்ற கட்டட வேலை சேர்ந்தால், நகராண்மைக் கழகத்தின் அல்லது மாவட்ட மன்றத்தின் அனுமதியும் வேண்டும். சுவரை இடிக்கத் தொடங்குமுன்பே அங்குச் சென்று விசாரித்துவிடுங்கள்.

மீட்டருக்கு முன்னால் குழாயை வெட்டி இணைப்பதும், மீட்டரைத் திருத்துவதும் சட்டப்படி குற்றம். அழுத்தம் குறைவு என்பதற்காகத் தெருக்குழாயிலிருந்து நேரடியாகப் பம்பு வைத்து உறிஞ்சுவதும் கூடாது. அவ்வாறு உறிஞ்சும்போது அண்டை வீட்டாரின் நீர் குறைவதோடு, கசிவுள்ள இடங்களின் வழியாக அழுக்கு நீரும் குழாய்க்குள் புகக்கூடும். பம்பு வேண்டுமானால் தொட்டியில் நீரைச் சேமித்து அங்கிருந்து இறைக்க வேண்டும்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும்

வேலையை ஒப்படைக்குமுன் இரண்டு மூன்று பேரிடம் விலைப் பட்டியல் வாங்குங்கள். பட்டியலில் பொருளின் விலை வேறாகவும் கூலி வேறாகவும் காட்டப்பட வேண்டும். எந்த வகைக் குழாய், எத்தனை அடி, சுவருக்குள் உள்ளதும் மாற்றப்படுமா, உடைத்த ஓட்டை மறுபடி பதிப்பது யார் பொறுப்பு, எத்தனை மாதத்திற்கு உத்தரவாதம் ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். படிக்கத் தெரியவில்லையெனில் பிள்ளைகளை அழைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பணத்தை வேலையின் படிநிலைக்கேற்பக் கொடுங்கள். சுவரை மூடுமுன் குழாயில் நீரை அழுத்தத்துடன் நிரப்பி, ஒழுகல் உண்டா என்று உங்கள் கண்முன்னே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் திறந்திருக்கும் சுவரைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால், பின்னாளில் குழாய் எங்கே செல்கிறது என்று தேட வேண்டியதில்லை. இறுதித் தவணையை இந்தச் சோதனைக்குப் பின்பே கொடுங்கள். ரசீதுகளைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

உதவியும் சலுகையும்

பழைய வீடு வாங்கியவுடன் தண்ணீர்க் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முந்தைய உரிமையாளரின் பாக்கி உண்டா என்பதை வீடு வாங்குமுன்பே கேட்டறிய வேண்டும்.

சிலாங்கூர் மாநிலம் 2008 ஜூன் முதல் மாதந்தோறும் 20 கன மீட்டர் நீரை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2020 மார்ச் முதல், இச்சலுகை குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டது. இதற்கு விண்ணப்பம் செய்ய வேண்டும், தானாக வராது. பிற மாநிலங்களில் இருப்போர், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான சலுகையைப் பற்றித் தத்தம் நீர் நிறுவனத்தின் முகப்பில் கேட்டறிக.

கிராமப்புறங்களில் மிகவும் பழுதடைந்த வீட்டில் வாழும் ஏழைக் குடும்பங்களுக்கு, கிராமப்புற, வட்டார மேம்பாட்டு அமைச்சின் வீட்டுதவித் திட்டம் உள்ளது. இதன் தொடர்பில் மாவட்ட அலுவலகத்தை நாடலாம். ஏழைக் குடும்பங்களுக்கான ஈ-காசே பதிவில் பெயர் இருப்பது இத்தகைய உதவிகளுக்குத் துணையாகும்.

ஊழியர் சேமநிதியைப் பொறுத்தவரை, வீட்டுக்கென்று எடுக்கும் பணம் வாங்குவதற்கும் கட்டுவதற்குமே உரியது. பழுது பார்ப்பதற்கு அன்று. எனினும் 2024 மே 11 முதல் 55 வயதுக்குட்பட்ட உறுப்பினர்களின் சேமிப்பு மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் பிளெக்சிபல் கணக்கில் இருக்கும் பணத்தை எத்தேவைக்கும் எடுக்கலாம். அது முதுமைக்கான சேமிப்பு என்பதை நினைவில் வைத்து, தேவையான அளவு மட்டும் எடுப்பது நலம்.

ஏமாற்றப்பட்டால்

பணம் கொடுத்தும் வேலை சரியாக நடைபெறவில்லையெனில், வாய்ச் சண்டையில் பயனில்லை. வழக்கறிஞர் வைக்கப் பணமில்லையே என்று மனம் தளரவும் வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, 5 வெள்ளி கட்டணம் செலுத்திப் பதிவு செய்யலாம். மூன்றாண்டுகளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அங்கே பொதுவாக இரு தரப்பிலும் வழக்கறிஞர் கிடையாது. உங்கள் வழக்கை நீங்களே எடுத்துரைக்கலாம். ஆனால், விலைப் பட்டியலும் ரசீதும் கையில் இருந்தால்தான் உங்கள் சொல்லுக்கு வலு உண்டு. பேராக் தம்பதியரிடம் அந்த ஒரு தாள் இல்லாததே அவர்கள் பணத்தை மீட்க முடியாமற் போனதற்குக் காரணம்.

இன்னமும் தோட்ட வீட்டில் இருப்போர்க்கு ஒரு சொல். அங்கே குழாய்நீர் வழங்குவது முதலாளியின் கடமையாதலால், பழுதை எழுத்து மூலம் அலுவலகத்தில் தெரிவியுங்கள். பயனில்லையெனில் தொழிலாளர் இலாகாவில் முறையிடுங்கள். கைப்பணம் போட்டு நீங்களே மாற்ற வேண்டியதில்லை.

அந்த அம்மையாரின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். சுவருக்குள் இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாதுதான். ஆனால், மீட்டர் அதைக் காட்டும். நீலம் கரைத்த நீர் அதைக் காட்டும். சுவரை மூடுமுன் செய்யும் சோதனை அதைக் காட்டும். இன்றிரவு படுக்கப் போகுமுன் மீட்டரின் எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். காலையில் அந்த எண் மாறாமல் இருந்தால் நிம்மதி. மாறியிருந்தால், இதுவரை பார்க்க முடியாதிருந்த பழுதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.